ஓம் மூட்டு

மாங்குளம் ஆஸ்பத்திரி, பதினோராம் அறை.
கரண்ட் நிற்கும் நாளில் கதவுக்கு
ஒரு செங்கல் முட்டுக்கொடுத்து வைப்பேன்.
கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார் பேதுருப்பிள்ளை,
வயது அறுபத்தாறு, ஊர் ஒட்டுசுட்டான்.
அவர் மண்டை என் இரண்டு கைகளில்.
நாலரைக் கிலோ, ஐந்து கிலோ வரும் ஒரு தலை.
நடந்து திரிகையில் யாருக்கும் அந்தப் பாரம் தெரிவதில்லை.

பிடரியில் விரல் வைத்துக் கீழிறங்குகிறேன்.
ஏழு எலும்பு.
முந்தநாள் இரவு ஒலுமடு வயலுக்குள் இறங்கிய யானைக்கும் ஏழுதான்,
மூட்டைக்கடியில் ஓடும் எலிக்கும் ஏழுதான்.
மதிலில் நிற்கும் மயிலின் கணக்கு வேறு,
அதை விடுவோம்.
மாட்டின் பிடரியில் மஞ்சள் கயிறொன்று ஓடும்,
மேய்ந்த தலையை மேலே தூக்கிவிடும்.
எங்களுக்கு அது மெலிந்து
திரைச்சீலை ஆகிவிட்டது.

முதலெலும்புக்கு உடம்பே இல்லை, வெறும் வளையம்,
தலைக்குக் கீழே வைத்த சும்மாடு.
அதன் மேல் இரண்டு குழி.
மண்டையின் அடி அதில் குந்தி
முன்னும் பின்னும் ஆடும்.
நான் அதற்கு வைத்த பெயர் ஓம் மூட்டு.
இரண்டாம் எலும்பில் ஒரு முளை, பல் என்பார்கள்.
வளையத்துக்குள் நுழைந்து நிற்கும் அந்தப் பல்லைச் சுற்றி
இடமும் வலமும் திரும்புகிறது தலை.
இது இல்லை மூட்டு.
அளவு மிஞ்சித் திரும்பாமல்
சிறகுபோல் இரண்டு நார் இருபுறமும் இழுத்துப் பிடிக்கும்.
பல்லுக்குப் பின்னால் குறுக்கே இன்னொன்று,
சுண்டுவிரல் அகலமும் வராது.
அது அறுந்தால் பல் பின்னே சாய்ந்து நாணை நெரிக்கும்,
பிறகு ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.
பிணையம் என்று இவற்றுக்குப் பெயர் வைத்தவர்
கோட்டுப் படி ஏறி இறங்கியவராய் இருக்கவேண்டும்.
எலும்புக்காக எலும்பிடம்
கையெழுத்து வைத்து நிற்கின்றன.

திருப்புங்கோ ஐயா.
இடப்பக்கம் யன்னல், யாழ்தேவி போவதைப் பார்க்கிறார்.
வலப்பக்கம் நீரிழிவுப் படம், அதையும் பார்க்கிறார்.
நாடியை நெஞ்சுக்குக் கொண்டுபோங்கோ.

கல்.

எக்ஸ்ரேயில் வயதுக்கான தேய்மானம்,
இரத்தத்தில் ஒன்றுமில்லை.
நோகுதா? "ஓம்." வாயால்.
போன கிழமையை விடக் குறைவோ? "ஓம்." வாயால்.
தண்ணி வேணுமா? "ஓம் பிள்ளை."
போனில் கதைக்கும்போதும் தலையாட்டுகிற சனம் நாங்கள்.
ஆறு கிழமையாய் இவர்
ஒருதரமும் ஆட்டவில்லை.

ஏழாம் கிழமை, கண்ணை மூடியபடி, நான் கேளாமலே:

"சாக்கில ரெண்டு ஓட்டை.
வெட்டினவனுக்கு என்ர கண் எங்க இருக்கெண்டு தெரியாதுதானே.
நாடியை இறக்கினாத்தான் முன்னுக்கு நிக்கிற ஆள் தெரியும்.
இறக்கினா
அவங்களுக்கு அது ஓம்."

வரிசையில் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.
எந்த வருடம், எந்தச் சந்தி, அதுவும் கேட்கவில்லை.
எங்கள் வீட்டிலும் ஒருவர்
ஒரு வரிசையில் நின்றவர்.
நடந்தது இதுதானோ,
தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அவர் தேய்த்தெடுத்த கதையோ,
விரலுக்குத் தெரியாது.
விரலுக்கு இறுக்கம் தெரியும்,
சூடு தெரியும்,
பிடியைத் தளர்த்தினால் தலை எவ்வளவு தூரம் விழும் என்று தெரியும்.
வெளியே மயில் ஒருமுறை அகவிவிட்டு மதிலால் இறங்கிப் போனது.
ஐந்து கிலோவையும்
மெல்லத் தலையணையில் வைத்தேன்.

கார்ட்டில் எழுதினேன்:
மேல்கழுத்து முன்மடிப்பு, பூச்சியம் பாகை.
காரணம் என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சநேரம் நின்று மை ஊறியது.

செருப்பைக் கொழுவிக்கொண்டு வாசலில் திரும்பினார்,
முழு உடம்போடும், அவர் திரும்புவது அப்படித்தான்.
"வாற வியாழனும் வரட்டோ பிள்ளை?"

வாயால் சொல்லத்தான் நினைத்தேன்.
அதற்குள் என் நாடி
தானாக இறங்கிவிட்டது.

அவர் பார்வையை
செங்கலுக்கு மாற்றிக்கொண்டார்.